ஆரோவிலில் காடு, மண் வீடு, பண்ணை பார்க்க: முழுமையான வழிகாட்டி

ஆரோவில் என்றதும் எல்லோருக்கும் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தின் தங்க உருண்டைதான் ஞாபகம் வரும். காலையில் சென்னையில் காரை எடுத்து, மதியம் மாத்ரிமந்திரைத் தூரத்தில் நின்று பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் பாண்டிச்சேரி கடற்கரைக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போகிறவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. ஊரில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்கள், சிமெண்டைக் குறைத்து வீடு கட்ட முடியுமா என்று யோசிப்பவர்கள், மருந்தடிக்காமல் காய்கறி போட ஆசைப்படுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் அங்கே பார்க்க வேண்டியவை வேறு. பார்க்க வேண்டிய வரிசையும் வேறு.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1968 பிப்ரவரி 28 அன்று, பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்படும் மிர்ரா அல்ஃபாசா, பல நாட்டு மக்களும் சேர்ந்து வாழும் ஊராக இதைத் தொடங்கினார். அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டார்கள். ஊரின் வடிவத்தைத் திட்டமிட்டவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே. 50,000 பேருக்கான நகரம் என்பது திட்டம். இப்போது வசிப்பவர்கள் 3,000 பேருக்குச் சற்று மேல். 1988-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் ஓர் அறக்கட்டளை இதை நிர்வகிக்கிறது. பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது.

சுற்றுச்சுவர் கட்டிய ஒரே வளாகம் என்று நினைத்துப் போகாதீர்கள். குயிலாப்பாளையம், எடையன்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை என்று பழைய ஊர்கள் நடுநடுவே இருக்கின்றன. ஒரு பக்கம் காடு, திரும்பினால் டீக்கடை, அடுத்த வளைவில் ஒரு மண் வீட்டுக் குடியிருப்பு. அங்கே வேலை செய்கிற கொத்தனார், தோட்டக்காரர், சமையல்காரர் எல்லாம் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். இதை மனத்தில் வையுங்கள், பின்னால் உதவும்.

1. ஒரு கேள்வியோடு கிளம்புங்கள்

'சும்மா சுற்றிப் பார்க்கலாம்' என்று போனால் கடைகளும் கஃபேக்களும்தான் கண்ணில் படும். 'எங்கள் ஊர்ச் செம்மண்ணில் மண் கல் போட முடியுமா?', 'கிணறு வற்றுகிற நிலத்தில் மழைநீரை எப்படி நிறுத்துவது?', 'அரை ஏக்கரில் வீட்டுக்கு வேண்டிய காய், கீரையை எடுக்க முடியுமா?' இப்படி ஏதாவது ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கேற்ப யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். மண் வீடு என்றால் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட். நீர், காடு என்றால் சாதனா ஃபாரஸ்ட் அல்லது பிச்சாண்டிக்குளம். விவசாயம் என்றால் சாலிட்யூட், புத்தா கார்டன், ஆரோ ஆர்ச்சர்ட் போன்ற பண்ணைகள்.

போவதற்கு ஓரிரு வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள். இவை எல்லாம் வேலை நடக்கும் இடங்கள். திடீரென்று போய் நின்றால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து உங்களுக்கு விளக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழில் எழுதினாலும் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும், அவ்வளவுதான்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வெயில் தாங்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். தங்குமிடம் கிடைப்பது கஷ்டம். மே, ஜூனில் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்களை நான் தடுப்பேன்.

ஆனால் நீர் சேகரிப்பைப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர்தான் சரி. வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது வரப்புக்குள் தண்ணீர் எப்படித் தேங்குகிறது, உபரி எங்கே திருப்பிவிடப்படுகிறது என்பதெல்லாம் நேரில் தெரியும். காய்ந்த வரப்பைப் பார்த்து இதைக் கற்பனை செய்வது கடினம். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இங்கே ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

3. போய்ச் சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். அந்தச் சாலை வழியாக வரும் பாண்டிச்சேரி பேருந்தில் ஏறி, பெரியமுதலியார்சாவடியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். திண்டிவனம் வழியாகச் செல்லும் புறவழிச்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டால் பாண்டிச்சேரி போய்த் திரும்ப வேண்டும். பாண்டியிலிருந்து தூரம் 10 கிலோமீட்டர்தான்.

உள்ளே சுற்ற சைக்கிளோ வாடகை ஸ்கூட்டரோ வேண்டும். நடந்தே பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே சில கிலோமீட்டர் செம்மண் பாதை இருக்கும். மழைக்காலத்தில் அது வழுக்கும். இரவில் விளக்கு கிடையாது, அதனால் டார்ச் அவசியம்.

குறைந்தது இரண்டு இரவு தங்கினால்தான் பிரயோஜனம். ஆரோவிலின் விருந்தினர் இல்லங்கள் பல வகை: கீற்றுக் குடிசை முதல் சமையலறையோடு கூடிய மண் வீடு வரை. வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் மண் கல் கட்டடம் ஒன்றில் அறை கேட்டு வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்குச் சுவர் எவ்வளவு சூடாகிறது, ராத்திரி உள்ளே புழுங்குகிறதா, மழைச்சாரல் அடித்த பக்கம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் தங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இன்னொன்று, ஆரோவில் உள்ளே பல இடங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். தங்கும் விருந்தினருக்கு ஆரோகார்டு என்ற அட்டை தருவார்கள், அதில் பணம் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

4. பார்வையாளர் மையத்தில், கட்டடத்தையே பாருங்கள்

மாத்ரிமந்திர் காட்சி முனைக்கு இலவச அனுமதிச் சீட்டு இங்கேதான். வீடியோ பார்த்துவிட்டு ஒரு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். வழியெல்லாம் மர நிழல். உள்ளே தியான அறைக்குப் போக வேண்டும் என்றால் தனியாக முன்பதிவு வேண்டும், அன்றன்று கேட்டால் கிடைக்காது.

எல்லோரும் கண்காட்சிப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சுவரைப் பாருங்கள். இந்த மையமே, சூளையில் சுடாமல் எந்திரத்தில் அழுத்திச் செய்த மண் கல்லால் கட்டியது. 1992-இல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கான ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. வளைவுகள், அகலமாக வெளியே நீண்ட கூரை, காற்று புகும் முற்றங்கள். பூசாமல் விட்ட சுவரில் கல்லின் விளிம்பு எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே தேயவில்லை என்று கவனியுங்கள். கூரை நீண்டு மறைக்கும் இடங்களில் கல் புதிது போலவே இருக்கும். மண் கட்டடத்துக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் வேண்டும் என்பார்கள்: மேலே நீண்ட கூரை, கீழே உயர்ந்த கடைக்கால்.

5. அடுத்து காடு. வீட்டுக்கு முன்னால் காடு

வந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் ஆரோவிலில் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

1968-இல் இது கட்டாந்தரை. அங்கங்கே பனைமரம், கொஞ்சம் முந்திரி. மழை பெய்தால் மேல்மண் அரித்துக்கொண்டு ஓடைகளில் இறங்கி, கடலே சிவப்பாகும் என்று முதலில் குடியேறியவர்கள் சொல்வார்கள். அரிப்பில் உண்டான ஆழமான செம்மண் பள்ளங்களை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலோடு சேர்த்து ஒரு கதை இந்தப் பக்கம் வழங்குகிறது. கடுவெளிச் சித்தர் அவமானப்படுத்தப்பட்டுச் சபித்ததால் லிங்கம் உடைந்து பூமி பாலையானதாம்; தூர தேசத்து மக்கள் வந்த பிறகுதான் மறுபடி பசுமையாகும் என்றாராம். ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. நேரம் இருந்தால் போய்விட்டு வாருங்கள்.

ஆரோவிலில் முதலில் குடியேறியவர்கள் செய்தது எளிமையான காரியம், ஆனால் சலிக்காமல் செய்தார்கள். நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே மண் வரப்பு போட்டார்கள். தன் நிலத்தில் விழுந்த மழை தன் நிலத்திலேயே இறங்க வேண்டும் என்பதே கணக்கு. ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி போட்டார்கள். கத்திச் சவுக்கு போல எந்த மண்ணிலும் சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களை முதலில் நட்டு நிழலும் சருகும் உண்டாக்கி, அதன் கீழே இந்த மண்ணுக்கே உரிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய பகுதிக்கு உரிய காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். வீரை, பாலை, கருங்காலி, காசான், நாவல் எல்லாம் அதைச் சேர்ந்தவை. விதை எங்கே கிடைத்தது தெரியுமா? கோயில் காடுகளில். பக்கத்திலேயே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி அப்படி ஒரு காடு தப்பிப் பிழைத்திருக்கிறது. கத்தியைக் கொண்டுபோக மக்கள் பயப்படும் இடம் என்பதால் பிழைத்தது. ஆரோவில் காட்டையும் புத்துப்பட்டுக் காட்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஐம்பது வருடக் காடு எது, பல நூறு வருடக் காடு எது என்று அடிமரத்தையும் கொடிகளின் தடிமனையும் பார்த்தே சொல்லிவிடலாம்.

பார்க்கப் போக வசதியான இடம் சாதனா ஃபாரஸ்ட். 2003 டிசம்பரில் 70 ஏக்கர் வறண்ட நிலத்தில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் காட்டைச் சுற்றிக் காட்டி, படம் போட்டு, சாப்பாடும் போடும் வழக்கம் உண்டு. போவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே சவுக்குக் கழியும் கீற்றும் கயிறும் கொண்டு கட்டிய குடில்கள், மரத்தூள் போடும் உலர் கழிவறை, பாலும் நெய்யும் கலக்காத சமையல். கழிவறையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாற்றம் இல்லை என்பதைப் போய்ப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

பிச்சாண்டிக்குளத்தில் மூலிகைகளும் நாட்டு மரங்களும் பிரதானம். சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்காவை மீட்டெடுத்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைக்காரர்களுக்கு அது தெரிந்த இடம் என்பதால் சொல்கிறேன்.

காட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்: முதல் ஐந்து வருடம் எந்த மரம் பிழைத்தது, எது செத்தது? வரப்பின் உயரம் எவ்வளவு, உடைந்தால் எங்கே உடைகிறது? இதையெல்லாம் பொறுப்பாளரைவிட அங்கே நாள்தோறும் வேலை செய்யும் ஊர்க்காரர் நன்றாகச் சொல்வார். 'அண்ணா, இந்த வரப்பு எப்போ போட்டது?' என்று பேச்சைத் தொடங்கினால் போதும்.

6. மண் வீடு

ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989-இல் தொடங்கியது. மண் கட்டடக்கலைக்கான 'யுனெஸ்கோ இருக்கை' என்ற கல்வி, ஆய்வு வலைப்பின்னலில் இருக்கிறது. முன் அனுமதி வாங்கி, கல் போடும் நாளாகப் பார்த்துப் போக முடிந்தால் அதிர்ஷ்டம்.

கல் போடுவது இப்படி நடக்கும். முதலில் மேல்மண்ணை எடுத்து ஓரமாக வைக்கிறார்கள்; அது தோட்டத்துக்கு. கல்லுக்கு வேண்டியது அதற்கும் கீழே உள்ள மண். அதைச் சலித்து, தேவைப்பட்டால் மணல் கூட்டி, எடையில் 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் சேர்த்து உலர்வாகவே நன்றாகக் கலக்கிறார்கள். பிறகுதான் தண்ணீர். அதுவும் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. ஆரம் என்ற கை அழுத்த எந்திரத்தின் பெட்டியில் அளந்து கொட்டி, மூடியைப் போட்டு, நீண்ட கைப்பிடியை இழுத்து இறக்குகிறார்கள். உடம்பு எடை முழுக்க அதில் இறங்க வேண்டும். மூடியைத் திறந்தால் விளிம்பு கூர்மையாக ஒரு கல் மேலே எழும்பி வரும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்காது, ஈரக் குளிர்ச்சிதான், சூளையே இல்லையே. அந்தக் கல்லைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு தண்ணீர் தெளித்து நாலு வாரம் பதப்படுத்திய பின்தான் சுவருக்குப் போகும்.

சூளை இல்லை என்பதுதான் முக்கியம். விறகு இல்லை, புகை இல்லை, லாரியில் மண் ஏற்றி இறக்குவதும் குறைவு. விகாஸ் என்ற குடியிருப்பில் இதை நன்றாகப் பார்க்கலாம். தரைக்குக் கீழே தளம் அமைக்கத் தோண்டிய மண்ணே அங்குள்ள நான்கு நிலைக் கட்டடத்துக்குக் கல்லானது. 2000-இல் உலக வாழிட விருதின் இறுதிச் சுற்றுவரை போனது. ஆனால் அது மக்கள் குடியிருக்கும் இடம். வெளியே பாதையில் நின்று பார்க்கலாம். உள்ளே போக அழைப்பு வேண்டும்.

வளைகூரைகளையும் குவிமாடங்களையும் கவனியுங்கள். கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்காமல், ஒட்டும் மண் சாந்தில் மெல்லிய கற்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து ஒட்டிக்கொண்டே போவார்கள். எகிப்தின் நூபியப் பகுதிக் கொத்தனார்களின் பழைய முறை இது. கோவை தியானலிங்கத்தின் பெரிய குவிமாடத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்ததும் இந்த நிறுவனம்தான்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். மண் வீடு மலிவு என்று யாராவது சொன்னால் கணக்குக் கேளுங்கள். மண் மலிவுதான். கைவேலை மலிவல்ல, பழகிய கொத்தனார் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். உங்கள் ஊர் மேஸ்திரி ஒருவரையும் கூட அழைத்துப் போக முடிந்தால் செலவழித்தாவது அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை விளக்குவதைவிட அவர் ஒரு முறை கல்லைத் தட்டிப் பார்ப்பது மேல். கட்டியவர்களிடம் கேட்க வேண்டியவை: கரையான் வந்ததா, சுவரில் அலமாரி மாட்ட ஆணி எப்படி அடித்தீர்கள், மழைச்சாரல் பக்கம் என்ன செய்தீர்கள், வங்கிக் கடன் கிடைத்ததா.

7. பண்ணை

சாலிட்யூட் பண்ணை 1996 முதல் நடக்கிறது. நடத்துபவர் கிருஷ்ணா மெக்கென்ஸி. இங்கிலாந்துக்காரர், தமிழில் பேசும் அவரை யூடியூபில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண்மைதான் அவருக்கு வழி. உழுவதில்லை, தரையை வெறுமையாக விடுவதில்லை. முதல் பார்வைக்கு இது தோட்டமா புதரா என்று குழப்பமாக இருக்கும். வாழைக்குக் கீழே பப்பாளி, அதன் காலடியில் கீரை, வேலியில் பிரண்டை. தரையை மூடியிருக்கும் சருகை, அதாவது மூடாக்கை, கையால் விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த சருகு, அதற்குக் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே கறுப்பாக ஈர மண், மண்புழு ஓடும். பக்கத்தில் பாதையில் இருக்கும் செம்மண்ணை ஒரு பிடி எடுத்து இதோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நிலத்தின் மண் என்று நம்புவது கஷ்டம்.

அங்கேயே மதியச் சாப்பாடு உண்டு. பச்சைப் பப்பாளி, வாழைத்தண்டு, சங்குப்பூ என்று நாம் பிடுங்கி எறிவதும் மறந்துபோனதும் தட்டில் வரும். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சமையல்தான், விலைப்பட்டியல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஆரோவில் சாப்பிடுவதில் சிறு பங்குதான் அதன் பண்ணைகளில் விளைகிறது. அரிசியும் பாலும் தருகிற அன்னபூர்ணா போன்ற பெரிய பண்ணை இருந்தும் அப்படித்தான். ஏன் என்று பண்ணைக்காரர்களிடமே கேளுங்கள். கூலி, தண்ணீர், மயில் தொல்லை, மலிவான சந்தைக் காய்கறி என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் நம் ஊர் விவசாயி சொல்வதிலிருந்து அதிகம் வேறுபடாது. அந்த உரையாடல்தான் பத்துப் பயிற்சி வகுப்புக்குச் சமம் என்பது என் எண்ணம்.

போகிற வழியில் ஆரோவிலின் பொதுச் சமையலறையான சோலார் கிச்சனின் மாடியைப் பாருங்கள். 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குவதற்காக அங்கே இருக்கிறது. மேகமூட்ட நாளுக்கு டீசல் கொதிகலனும் வைத்திருக்கிறார்கள்.

8. நடந்துகொள்ளும் விதம்

வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பண்ணையில் பழம் பறிக்காதீர்கள். பெரிய குழுவாகப் போனால் நாலைந்து பேராகப் பிரிந்து போங்கள். உள்ளூர் அரசியலும் உண்டு. 2021 டிசம்பரில், நகரத் திட்டத்தில் உள்ள வட்டச் சாலையான கிரவுன் சாலைக்காக மரங்களை வெட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்து, வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. நகரம் கட்ட வேண்டும் என்பவர்களும் காடு முக்கியம் என்பவர்களும் அங்கேயே வாழ்கிறார்கள். கேளுங்கள், ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டாம். இதனால் சில பாதைகளும் இடங்களும் மாறியிருக்கின்றன. பழைய வரைபடத்தை நம்பாமல் பார்வையாளர் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

9. பிடித்துப்போனால்

எர்த் இன்ஸ்டிட்யூட்டில் கல் தயாரிப்புக்கும், வளைவு, குவிமாடம் கட்டவும் ஒரு வாரப் பயிற்சிகள் நடக்கும். தன்னார்வலராகத் தங்கி வேலை செய்ய விரும்பினால் சாவி என்ற அமைப்பு வழிகாட்டும். பல இடங்களில் சில வாரமாவது இருக்க வேண்டும் என்பார்கள். நாற்று பிடுங்கக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் கிளம்பிவிட்டால் அவர்களுக்கு என்ன லாபம்?

10. ஊருக்குத் திரும்பியதும்

உங்கள் நிலத்தில் மேல்மண்ணை விலக்கி, இரண்டடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுங்கள். நேரான கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் முதலில் அடியில் தங்கும், அதன் மேல் வண்டல், கடைசியாகக் களி. களி படிய ஒரு நாள் ஆகலாம். அளவுகோலை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் கலந்த கல்லுக்கு ஏற்ற மண்ணில் பாதி மணல், கொஞ்சம் சரளை, ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி வண்டல் என்று இருந்தால் நல்லது. களி கூடினால் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு. மணல் கூடினால் சிமெண்டுதான். அந்தக் குறிப்பையும் பாட்டிலின் படத்தையும் வைத்துக்கொண்டு எர்த் இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதுங்கள்.